கணினிக்குள் வந்தது யார்? – வாசகர் கேள்வி பதில்

கணினி ஊடுருவல் பற்றிக் கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன: "செய்தது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் ஜவுளி நிறுவனத்தின் கணக்கு சர்வரில் இரவு 10 மணிக்கு மேல் யாரோ நுழைந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டார்கள். லாகில் (சர்வரின் நிகழ்வுப் பதிவில்) இரண்டு ஐ.பி. முகவரிகள் (இணைய இணைப்பின் எண்கள்) இருக்கின்றன. ஒன்று நெதர்லாந்து என்று காட்டுகிறது. இன்னொன்று நம் பக்கத்து ஊரையே காட்டுகிறது. அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் மூன்று மாதம் முன்பு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனார். புகாரில் அவர் பெயரைக் கொடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

அந்த முகவரியை மட்டும் நம்பிப் பெயரைக் கொடுக்காதீர்கள். முகவரியைக் கொடுங்கள், நேரத்தைக் கொடுங்கள். பெயர் சொல்வது விசாரணையின் கடைசிக் கட்டத்தில் வர வேண்டியது.

முதலில் ஊர் விஷயம். ஐ.பி. முகவரியைப் போட்டால் ஊரைச் சொல்லும் இணையதளங்கள் தருவது உத்தேசக் கணக்குதான். அமெரிக்காவில் ஒரு நிறுவனம், இடம் சரியாகத் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்தது: வடக்கு 38 பாகை, மேற்கு 97 பாகை. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் பக்கத்தில் விழுந்தது. சுமார் 60 கோடி முகவரிகள் அந்த வீட்டைக் கைகாட்டின. ஒன்றும் அறியாத அந்த வீட்டாரின் வாசலில் வருடக்கணக்கில் போலீசும், ஏமாந்தவர்களும் வந்து நின்றார்கள். 2016இல்தான் காரணம் வெளியே தெரிந்தது. உங்களுக்கு வந்த 'பக்கத்து ஊர்' என்பதும் அந்தப் பகுதிக்கான இணைய நிறுவனத்தின் மையம் இருக்கும் ஊராக இருக்கலாம்.

அடுத்தது, ஒரு முகவரிக்குப் பின்னால் எத்தனை பேர் என்பது. நம் நாட்டில் மொபைல் இணையத்திலும் பல பிராட்பேண்ட் இணைப்புகளிலும் ஒரே பொது ஐ.பி. முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது, ஒவ்வொரு இணைப்புக்கும் அனுப்பும் பக்கத்தில் ஒதுக்கப்படும் மூல போர்ட் எண் மட்டும்தான். ஐ.பி. முகவரி, மூல போர்ட், நொடி வரை சரியான நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் இணைய நிறுவனம் ஒரு வாடிக்கையாளரைச் சுட்டிக்காட்ட முடியும். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி) நுழைவுகளுக்குப் போர்ட் இடத்தில் பல நேரம் 0 என்றே இருக்கும். சரியான எண் ஃபயர்வால் லாகில் கிடைக்கும். அதை இன்றே எடுத்து வையுங்கள்.

நேரத்தில் நடக்கும் தவறு இன்னும் கொடுமையானது. விண்டோஸ் நிகழ்வுப் பதிவைத் திறந்தால் உள்ளூர் நேரம் காட்டும். அதே கணினியில் ஓடும் ஐ.ஐ.எஸ். வெப் சர்வரின் லாக் வழக்கமாக யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும். இரவு 10.12க்கு நடந்தது அதில் 16:42 என்று இருக்கும். யாராவது அதை மாலை 4.42 என்று படித்து இணைய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால் அந்த நேரத்தில் அதே முகவரியை வைத்திருந்த வேறொருவரின் பெயர் வரும். ஐந்தரை மணி நேரத் தவறு, சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிடும். புகாரில் நேரம் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் 'இந்திய நேரம்' அல்லது 'யு.டி.சி.' என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்து ஒரு வீடு கிடைத்தால்கூட அது இணைப்பின் சொந்தக்காரர் வீடு மட்டுமே. இலவச வி.பி.என். செயலியை நிறுவிய லட்சக்கணக்கான வீட்டுக் கணினிகள், அவற்றின் உரிமையாளர்களுக்குத் தெரியாமலே மற்றவர்களின் போக்குவரத்தைச் சுமக்கின்றன. 2024 மே மாதம் அமெரிக்க அரசு முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பில் மட்டும் 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் இருந்தன. அவற்றை வாடகைக்கு எடுத்தவர்கள் செய்த குற்றமெல்லாம் அந்த வீடுகளின் முகவரியில்தான் பதிவானது. நெதர்லாந்து முகவரியும் பெரும்பாலும் மாத வாடகைக்குக் கிடைக்கும் சர்வராக இருக்கும்.

வேலையை விட்டுப் போனவர் பற்றிப் போலீஸ் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: எந்தத் தேதியில் போனார், அவருடைய பாஸ்வேர்டு எந்தத் தேதியில் முடக்கப்பட்டது. முடக்கவே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் யாராவது நுழைந்திருந்தால்கூட நுழைந்தது அவர்தான் என்று ஆகாது. கசிந்த பாஸ்வேர்டுகள் பட்டியலாக விற்கப்படுகின்றன.

மால்வேருக்குள் (தீங்கு செய்யும் நிரலுக்குள்) ரஷ்ய மொழிச் சொற்கள் இருந்தால் ரஷ்யர், சீன மொழி இருந்தால் சீனர் என்று செய்திகளில் சொல்கிறார்கள். மொழியையும் வேலை நேரத்தையும் வைத்துச் சொல்வது எவ்வளவு சரி?
– மாணவி, திருச்சி

அந்தத் தடயம் எழுதியவர் தெரிந்து விட்டுப்போனதா, தெரியாமல் விட்டுப்போனதா என்று பாருங்கள். நிரலுக்குள் இருக்கும் மொழிச் சொற்களை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின், நிரலில் உள்ள சொற்களை மறைக்கும் 'மார்பிள்' என்ற கருவியின் சோதனை மாதிரிகளில் சீனம், ரஷ்யன், கொரியன், அரபி, பாரசீகம் எல்லாமே இருந்தன.

தெரியாமல் விட்டுப்போவதற்கு நல்ல உதாரணம், ஷாங்காயின் புடோங் பகுதியில் இருந்த சீன ராணுவத்தின் 61398ஆம் பிரிவின் ஊடுருவல்களைப் பற்றி மேண்டியன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2013 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை. ரிமோட் டெஸ்க்டாப் மூலம் நுழையும்போது உங்கள் கீபோர்டு எந்த மொழி அமைப்பில் இருக்கிறது என்பதையும் உங்கள் கணினி மறுபக்கத்துக்குச் சொல்லிவிடும். பலருக்கு இது தெரியாது. மேண்டியன்ட் கவனித்த 1,905 நுழைவுகளில் 97 விழுக்காடு ஷாங்காய் முகவரிகளிலிருந்து, எளிய சீன எழுத்து அமைப்பு கொண்ட கணினிகளிலிருந்து வந்தவை. இரண்டு ஆண்டுகள், ஆயிரக்கணக்கான முறை. இவ்வளவு நாள் தவறாமல் நடிப்பது கடினம் என்பதால்தான் அது கனமான சான்று.

வேலை நேரம் இதைவிட மெலிந்த சான்று. நிரல் எப்போது தொகுக்கப்பட்டது என்று கோப்புக்குள் எழுதப்படுவது நான்கு பைட் எண். அதை மாற்ற ஒரு நிமிடம் போதும். மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். யு.டி.சி.+8 என்றால் பெய்ஜிங் மட்டுமா? சிங்கப்பூர், கோலாலம்பூர், மணிலா, பெர்த் எல்லாம் அதே நேரம்தான். மாஸ்கோவும் இஸ்தான்புல்லும் பாக்தாத்தும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன.

2018 குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் கணினிகள் செயலிழந்தபோது வட கொரியா என்றார்கள், சீனா என்றார்கள், கடைசியில் ரஷ்யா என்றார்கள். நிபுணர்களே இப்படி மாறி மாறிச் சொன்னால் எதை நம்புவது?
– வாசகர், மதுரை

இந்த வழக்கைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஒருவர் கைரேகையை இன்னொருவர் எப்படிப் பதித்துவிட்டுப் போக முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு குறைவு.

2018 பிப்ரவரி 9 இரவு, தென் கொரியாவின் பியோங்சாங். விழா தொடங்கும் நேரத்தில் அரங்கின் வைஃபை போனது, ஒலிம்பிக் இணையதளம் போனது, டிக்கெட்டை அச்சிட முடியாமல் பார்வையாளர்கள் தவித்தார்கள். தொழில்நுட்பக் குழு விடிய விடிய உழைத்துக் காலைக்குள் மீட்டது. 'ஒலிம்பிக் டெஸ்ட்ராயர்' என்று பெயர் பெற்ற அந்த மால்வேர் காசு கேட்கவில்லை. ஒலிம்பிக் வலையமைப்பின் 44 கணக்குகளின் விவரத்தை முன்பே தன்னுள் சுமந்து வந்தது. உலாவியிலும் கணினியிலும் இருந்த பாஸ்வேர்டுகளைத் திருடி, அவற்றைக் கொண்டு பக்கத்துக் கணினிக்குத் தாவியது. பேக்கப் பிரதிகளை அழித்து, நிகழ்வுப் பதிவைத் துடைத்து, எல்லா சர்வீஸ்களையும் முடக்கிக் கணினியை அணைத்தது.

உடனே ஆய்வாளர்கள் பழைய மால்வேர்களோடு ஒப்பிட்டார்கள். ஒரு பகுதி, வங்கதேச வங்கித் திருட்டோடு தொடர்புள்ள வட கொரியக் குழுவின் நிரல்போல இருந்தது. வேறு பகுதிகள் சீனாவோடு தொடர்புபடுத்தப்படும் குழுக்களின் நிரலை ஒத்திருந்தன. எல்லாமே உண்மையான ஒற்றுமைகள்தான். யாரும் பொய் சொல்லவில்லை.

முடிச்சு அவிழ்ந்த இடம் 'ரிச் ஹெடர்'. மைக்ரோசாஃப்ட் கருவிகளால் ஒரு நிரலை உருவாக்கும்போது, எந்தப் பதிப்புக் கருவி எத்தனை முறை பயன்பட்டது என்ற சிறு குறிப்பு கோப்பின் தொடக்கத்தில் தானாகவே பதிந்துவிடும். எழுதுபவர் கண்ணில் அது படுவதே இல்லை. ஆகையால் அதை நல்ல தடயம் என்று நம்பியிருந்தார்கள். ஒலிம்பிக் மால்வேரின் ரிச் ஹெடர் வட கொரியக் குழுவின் பழைய மால்வேரோடு அப்படியே பொருந்தியது. எண்ணுக்கு எண் ஒன்று.

காஸ்பர்ஸ்கை என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே நிற்காமல் இன்னொரு கேள்வி கேட்டார்கள்: இந்தக் குறிப்பு சொல்வது, கீழே இருக்கும் நிரலோடு ஒத்துப்போகிறதா? குறிப்பு சொன்னது விஷுவல் ஸ்டுடியோ 6 என்ற 1998ஆம் ஆண்டுக் கருவியை. நிரலுக்குள்ளோ அந்தக் கருவி உருவாக்கவே முடியாத, பல ஆண்டுகள் கழித்து வந்த பதிப்புக்குரிய பகுதி இருந்தது. டப்பாவின் மேல் ஒட்டிய லேபிள் ஒன்று, உள்ளே இருந்த சரக்கு வேறு. யாரோ வேண்டுமென்றே அந்தக் குறிப்பைப் பழைய மால்வேரிலிருந்து வெட்டி இதில் ஒட்டியிருக்கிறார்கள். 2018 மார்ச்சில் இதை வெளியிட்டார்கள்.

ஆனால் இது நிரூபித்தது 'வட கொரியா என்ற லேபிள் போலி' என்பதை மட்டுமே. ஒட்டியது யார் என்பதற்கு வேறு வழியில் போக வேண்டியிருந்தது. வேறு ஆய்வாளர்கள் மால்வேரை விட்டுவிட்டு, ஒலிம்பிக்குக்கு முன்பு அனுப்பப்பட்ட தீய வேர்டு கோப்புகளையும், அவை தொடர்புகொண்ட சர்வர்களையும் தோண்டினார்கள். அந்தச் சர்வர் வலையில் சிக்கிய ஒரு டொமைன் பெயர், 2016இல் அமெரிக்க மாநிலத் தேர்தல் வாரியங்களைக் குறிவைத்த ஊடுருவலிலும் இருந்தது. 2020 அக்டோபர் 19 அன்று அமெரிக்க நீதித்துறை, ரஷ்ய ராணுவ உளவுத்துறையான ஜி.ஆர்.யு.வின் 74455ஆம் பிரிவைச் சேர்ந்த ஆறு அதிகாரிகள் மீது குற்றச்சாட்டை வெளியிட்டது. அதே நாளில் பிரிட்டன், வட கொரியர் போலவும் சீனர் போலவும் வேடமிட்டு ஜி.ஆர்.யு. இதைச் செய்தது என்று அறிவித்தது. விழா நடந்து இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.

எனவே முதல் வாரத்தில் 'இன்ன நாடு' என்று யாராவது உறுதியாகச் சொன்னால் தள்ளி வையுங்கள். ஒருவர் தன் முடிவைப் பிறகு மாற்றிக்கொண்டார் என்பதற்காக அவரை நம்பாமல் போகாதீர்கள். எந்தச் சான்றை வைத்துச் சொன்னார், எது வந்து மாற்றினார் என்று விளக்குகிறாரா என்று பாருங்கள்.

ஒரு குழுவின் கருவியும் சர்வரும் பிடிபட்டால் செய்தது அந்தக் குழுதான் என்று கொள்ளலாம் அல்லவா? லேபிளை ஒட்டலாம், முழுக் கருவியையும் எப்படி ஒட்டுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

திருடலாம். 2019 அக்டோபரில் பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ரஷ்யாவோடு தொடர்புபடுத்தப்படும் துர்லா என்ற குழு, ஈரான் குழு ஒன்றின் கருவிகளைக் கைப்பற்றி, அவர்களுடைய கட்டுப்பாட்டு சர்வருக்குள்ளேயே புகுந்து, ஈரானியர் முன்பே திறந்து வைத்திருந்த வாசல்கள் வழியாக மூன்றாம் நாடுகளுக்குள் போயிருந்தது. பாதிக்கப்பட்டவர் பார்வையில் அது நூற்றுக்கு நூறு ஈரான். தீவிரவாத அமைப்பின் பெயரை மாட்டிக்கொள்வது இதைவிட எளிது. 2015 ஏப்ரலில் பிரான்சின் டி.வி.5 மோந்த் தொலைக்காட்சியை இருட்டாக்கியவர்கள் 'சைபர் கலிபா' என்று எழுதிவிட்டுப் போனார்கள். விசாரணை போய் நின்றதோ ஏ.பி.டி.28 என்ற ரஷ்யக் குழுவிடம்.

கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் நுழைந்தது வட கொரியா என்கிறார்கள். இது எவ்வளவு உறுதி?
– வாசகர், நாகர்கோவில்

தெரிந்தவற்றை வரிசைப்படுத்துவோம். நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் மால்வேர் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே இதைக் கவனித்துச் சொல்லியிருந்தது. உலையை இயக்கும் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனியானது, அது பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் கூறியது. வெளியே வந்த மால்வேர் மாதிரியில் நிலையத்தின் பெயர்ச் சுருக்கமே இருந்தது. எனவே குறிவைத்துச் செய்யப்பட்டது என்பதில் சந்தேகம் குறைவு.

மால்வேர் 'டி-டிராக்' வகை. அந்த வகையை, இந்திய ஏ.டி.எம்.களைக் குறிவைத்த மால்வேரோடும், 2013இல் தென் கொரிய வங்கிகளையும் ஊடகங்களையும் முடக்கிய மால்வேரோடும் நிரல் ஒற்றுமை கண்டு, வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவுடையது என்று அதே ஆண்டு செப்டம்பரில் காஸ்பர்ஸ்கை வகைப்படுத்தியிருந்தது. ஆக, கூடங்குளத்திலிருந்து பியோங்யாங் வரை போகும் சங்கிலியில் பொதுவெளியில் கிடைக்கும் கண்ணிகள் நிரல் ஒற்றுமையால் ஆனவை. நல்ல காரணமுள்ள ஊகம் என்று சொல்லலாம். மதுரை வாசகருக்குச் சொன்ன ஒலிம்பிக் வழக்கை நினைவில் வைத்துக்கொண்டு, தீர்ப்பு என்று சொல்லாமல் இருக்கலாம்.

வங்கதேச வங்கிப் பணத்தில் 2 கோடி டாலர் இலங்கைக்கு வந்து திரும்பியதை நாங்கள் மறக்கவில்லை. அதில் மட்டும் ஒரு தனி மனிதரின் பெயரையே அமெரிக்கா சொன்னதே, அது எப்படி?
– வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு

2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கி கணக்கு வைத்திருந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு வந்த போலி உத்தரவுகளின் மொத்தம் கிட்டத்தட்ட 95 கோடி டாலர். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்சுக்குப் போய் மறைந்தது. இலங்கைக்கு வந்த தொகை, பெறுநர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் எழுத்துப் பிழையோடு 'ஃபான்டேஷன்' என்று இருந்ததால் சந்தேகம் எழுந்து நின்றது.

பெயர் வந்தது மால்வேரிலிருந்து அல்ல. 2018 செப்டம்பரில் வெளியான எஃப்.பி.ஐ. வாக்குமூலம், பார்க் ஜின் ஹியோக் என்ற வட கொரிய நிரலாளரைக் குற்றம் சாட்டியது. அதற்காக அவர்கள் எடுத்தவை சுமார் 100 தேடுதல் ஆணைகள், சுமார் 1,000 மின்னஞ்சல் மற்றும் சமூக ஊடகக் கணக்குகள், வெளிநாடுகளுக்கு 85 முறையான கோரிக்கைகள். 2014 சோனி பிக்சர்ஸ் தாக்குதலிலும் வங்கித் திருட்டிலும் ஒரே மாதிரியான கோப்பு அழிக்கும் நிரல் இருந்தது தொடக்கம் மட்டுமே. தாக்குதலுக்குப் பயன்பட்ட மின்னஞ்சல் கணக்குகளைத் திறந்த அதே கணினிகள், சீனாவின் தாலியன் நகரில் ஒரு நிறுவனத்துக்காக அவர் சொந்தப் பெயரில் வேலை செய்த கணக்குகளையும் திறந்திருந்தன. வேடத்துக்கு ஒரு கணக்கும் பிழைப்புக்கு ஒரு கணக்கும் வைத்திருப்பவர், இரண்டையும் ஒரு நாளாவது ஒரே கணினியில் திறந்துவிடுகிறார். மனிதரைப் பிடித்துக் கொடுப்பது அந்த அலுப்புதான்.

உங்களுக்கோ எங்களுக்கோ அந்த ஆணைகளைப் பெறும் அதிகாரம் இல்லை. லாக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு தனி நபர் பெயரைச் சொல்லும் தனியார் 'சைபர் துப்பறிவாளர்'களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஊடுருவல் நடந்தது தெரிந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்தால், பின்னால் ஆளைக் கண்டுபிடிக்க உதவும்? எங்கள் ஊரில் சர்வீஸ் செய்பவர் வந்ததும் ஃபார்மட் அடித்துவிடுகிறார்.
– மருத்துவமனை நிர்வாகி, சேலம்

ஃபார்மட் செய்த அந்த நிமிடமே வழக்கு முடிந்துவிட்டது. அவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். பவரை அணைக்காதீர்கள். எந்த நிரல் ஓடுகிறது, எந்த முகவரியோடு பேசிக்கொண்டிருக்கிறது, சில சமயம் பூட்டைத் திறக்கும் சாவி உட்பட எல்லாம் ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) இருக்கும். அணைத்தால் போய்விடும். ஒரே விதிவிலக்கு, கேபிளைக் கழற்றிய பிறகும் கோப்புகள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தால் பவரைப் பிடுங்கலாம். ரேம் போகும், மிச்சக் கோப்புகள் தப்பும். நோயாளிகளின் பதிவு அதில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பிடுங்குங்கள்.

அடுத்து, கணினித் திரையின் கடிகாரத்தையும் உங்கள் கைபேசியின் கடிகாரத்தையும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுங்கள். சர்வர் கடிகாரம் 4 நிமிடம் பின்தங்கி ஓடியிருந்தால் லாகில் உள்ள எல்லா நேரத்தையும் அந்த 4 நிமிடம் திருத்தித்தான் படிக்க வேண்டும். இந்த ஒரு போட்டோ இல்லாததால் இணைய நிறுவனத்திடம் சரியான நேரம் கேட்க முடியாமல் போகிறது.

ரேம் நகலை வெளி டிஸ்கில் எடுங்கள். 16 ஜி.பி. ரேமுக்கு 32 ஜி.பி. காலி இடம் இருக்கட்டும். அதே கணினியின் டிஸ்கில் எழுதினால் அழிக்கப்பட்ட கோப்புகளின் மிச்சம் அடிபட்டுப் போகும். பிறகு லாக். விண்டோஸின் பாதுகாப்புப் பதிவு தொடக்க அமைப்பில் 20 எம்.பி. மட்டுமே. நிறைந்ததும் பழையது அழியும். பாஸ்வேர்டை ஊகித்து ஆயிரக்கணக்கில் முயன்றிருந்தால் ஒரே நாளில்கூட நிறைந்துவிடும். நுழைவு 4624, தோல்வி 4625, யாரோ பதிவையே துடைத்தது 1102 என்ற எண்களில் இருக்கும். தேடும்போது ரிமோட் டெஸ்க்டாப் என்றால் நுழைவு வகை (லாகான் டைப்) 10 மட்டும் என்று நினைக்காதீர்கள். தோல்வியுற்ற முயற்சிகள் வகை 3 என்றே பல நேரம் பதிவாகும். சிறிய ரவுட்டர்களின் லாக் நினைவகத்தில் மட்டும் இருப்பதால், ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யும் முன் அதன் பக்கத்தைச் சேமியுங்கள்.

பிறகு டிஸ்கைக் கழற்றி, எழுத முடியாதபடி தடுக்கும் கருவியில் பொருத்தி முழு நகல் எடுக்க வேண்டும். 1 டி.பி. டிஸ்குக்கு நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். நகலுக்கும் மூலத்துக்கும் எஸ்.எச்.ஏ.-256 ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) எடுங்கள். 64 எழுத்துகளும் ஒன்றாக வர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின் சான்றிதழில் இந்த ஹேஷை எழுதும் இடம் உண்டு. அது இல்லாமல் நீதிமன்றத்தில் மின்னணுச் சான்று தடுமாறும்.

செர்ட்-இன் அமைப்புக்கு, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. லாகுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். பணம் போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். இதெல்லாம் முடியும்வரை மருத்துவமனையை மூடி வைக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். புதிய டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டு, பேக்கப்பிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். பழைய டிஸ்கை உறையில் போட்டு, சீரியல் எண், கழற்றிய தேதி, நேரம் எழுதி, கழற்றியவரும் பார்த்தவரும் கையெழுத்துப் போட்டு அலமாரியில் பூட்டுங்கள். சாவி யாரிடம் என்பதையும் அந்த உறையிலேயே எழுதுங்கள்.